சரவாங்கி: மாத்திரையை விடவும் முடியாது, மாத்திரையோடு விடவும் முடியாது

அதிகாலை ஐந்தரை மணி. பால் வந்தாயிற்று. கணவருக்கு ஆறரைக்குக் கம்பெனி பஸ், மகனுக்கு ஏழேகாலுக்கு வேன். இரவே ஊறப்போட்ட எலுமிச்சை அளவுப் புளி கிண்ணத்தில் இருக்கிறது. அந்தப் பெண் கையை விட்டுக் கரைக்கப் பார்க்கிறார். விரல்கள் மடங்கவில்லை. ஐந்து விரலும் சேர்ந்து ஒரு பிடி பிடித்தால்தான் புளி கரையும். அந்த ஒரு பிடிதான் வரமாட்டேன் என்கிறது. சுடுதண்ணீர் ஊற்றி, கரண்டியின் அடிப்பக்கத்தால் நசுக்கி, எப்படியோ ரசம் கொதிக்கிறது. குக்கர் மூடியைத் திறக்க மகனைக் கூப்பிடுகிறார். “இதைக்கூடவாம்மா உன்னால திறக்க முடியல?” என்று கேட்டபடியே திறந்து கொடுத்துவிட்டு அவன் சாக்ஸ் தேடப் போகிறான்.

ஒன்பது மணிக்கு மேல் விரல்கள் மெல்ல இளகும். அப்போது வீட்டில் யாரும் இருப்பதில்லை. மாலையில் திரும்புகிறவர்கள் பார்ப்பது வழக்கம்போல் நடமாடும் ஒருவரைத்தான். “நல்லாத்தானே இருக்கே?” என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. சாயங்காலம் அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.

இவர் ஒருவரல்லர். பெரிய அரசு மருத்துவமனைகளின் ருமட்டாலஜி ஓ.பி. வரிசையில் இதே காலைப்பொழுதை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஜாக்கெட் ஊக்கு போட வரவில்லை. பெண்ணுக்குச் சடை பின்ன முடியவில்லை. பல் தேய்க்க பிரஷ் நிற்கவில்லை. நோயின் பெயர் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், சுருக்கமாக ஆர்.ஏ. ஊர்ப்பக்கம் சரவாங்கி என்பார்கள், முடக்குவாதம் என்பார்கள்.

ஒரு காலத்தில் இந்த நோய் வந்தால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் விரல் கோணி, மணிக்கட்டு இறுகி, முடங்கிப்போவதுதான் பலருக்கும் விதி. இன்று அப்படியில்லை. சீக்கிரம் கண்டுபிடித்து, சரியான மருந்தைத் தொடர்ந்தால் பெரும்பாலோர் வேலைக்குப் போகலாம், பிள்ளை பெறலாம், பேரனைத் தூக்கலாம். ஆனால் மருந்துச் சீட்டு முடிகிற இடத்தில்தான் நோயாளியின் வேலை தொடங்குகிறது. அந்த வேலையை அவர் ஒருவராகச் செய்துவிட முடியாது என்பதை நம் வீடுகள் இன்னும் ஒப்புக்கொண்டபாடில்லை.

காலையில் மட்டும் ஏன்?

கிருமியைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வைத் தாக்க ஆரம்பிப்பதுதான் ஆர்.ஏ. சவ்வு வீங்குகிறது, தடிக்கிறது, கடைசியில் குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. அழற்சியைத் தூண்டும் ரசாயனங்கள் ரத்தத்தில் விடியற்காலையில் உச்சம் தொடுகின்றன. அதை அடக்க உடம்பே சுரக்கும் கார்ட்டிசோல் இரவில் குறைந்திருக்கிறது. விறைப்பு காலையில் வருவது அதனால்தான். சோம்பேறித்தனம் என்று மாமியார் சொன்னால், அதற்கான பதில் இந்த ஹார்மோன் கணக்கில் இருக்கிறது.

டெல்லிக்கு அருகே கிராமங்களில் நடத்தி 1993-இல் வெளியான ஆய்வு, வயதுவந்தோரில் 0.75 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். முதியவர் நோய் என்பது தவறு. முப்பதிலும் நாற்பதிலும் வருவது சாதாரணம், இருபதிலும் வரும்.

எலும்பு அரிப்பு முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடக்கூடும். நம்மூரில் அந்த ஒன்றிரண்டு ஆண்டுகள் எப்படிப் போகின்றன? முதலில் மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை. பிறகு “ஊசி போட்டா கேக்குது” என்று பக்கத்து கிளினிக். அப்புறம் கால்சியம். 2006-இல் தமிழகத்தை உலுக்கிய சிக்குன்குனியாவுக்குப் பிறகு இன்னொரு திசைதிருப்பலும் சேர்ந்துகொண்டது. அந்தக் காய்ச்சல் விட்டுச்செல்லும் மூட்டுவலி மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு, பார்வைக்கு ஆர்.ஏ. போலவே இருக்கும். ‘சிக்குன்குனியா வந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று காலம் தள்ளியவர்களில் சிலருக்கு உண்மையில் வந்திருந்தது சரவாங்கி.

■ பெட்டி: தேய்மானமா, சரவாங்கியா?

மூட்டுத் தேய்மானத்தில் வலி வேலை செய்யச் செய்யக் கூடும். காலை விறைப்பு அரைமணிக்குள் விட்டுவிடும். சரவாங்கியில் விறைப்பு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ நிற்கும். கையை ஆட்ட ஆட்டத்தான் இளகும்.

தேய்மானம் பெரும்பாலும் முழங்கால், இடுப்பு, விரல் நுனியை ஒட்டிய கணு ஆகியவற்றில் வரும். சரவாங்கி நுனிக்கணுவைப் பொதுவாக விட்டுவிட்டு, விரலின் நடுக்கணு, முஷ்டி எலும்பு, மணிக்கட்டு, கால்விரல் அடி ஆகியவற்றைப் பிடிக்கும். பெரும்பாலும் இரண்டு கையிலும் ஒரே நேரத்தில்.

ரத்தத்தில் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி. பார்ப்பார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் நோய் இருக்கலாம். ‘பாசிட்டிவ்’ என்று வந்த எல்லோருக்கும் நோய் இருப்பதில்லை. ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீக்கம் இருந்தால் ருமட்டாலஜிஸ்டைப் பார்த்துவிடுவது நல்லது.

மஞ்சள் மாத்திரையின் பூர்விகம்

ஆர்.ஏ. மருத்துவத்தின் முதுகெலும்பு மெத்தோட்ரெக்சேட் என்ற மஞ்சள் மாத்திரை. அதோடு போலிக் ஆசிடும் எழுதிக் கொடுப்பார்கள். இந்த இரண்டு மாத்திரைக்கும் சென்னையோடு ஒரு சொந்தம் உண்டு.

எல்லாப்பிரகடா சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதராடையில் அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். முழுப் பட்டத்துக்குப் பதில் எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அமெரிக்கா போய் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். 1940-களில் அவருடைய குழுதான் போலிக் ஆசிடைச் செயற்கையாகத் தயாரித்தது. அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகியவற்றையும் உருவாக்கியது. அமினோப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்று கண்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை தந்து 1948-இல் முடிவுகளை வெளியிட்டார். அதே ஆண்டு சுப்பாராவ் காலமானார்.

1951-இலேயே கப்னர் என்ற மருத்துவர் அமினோப்டெரினை ஆர்.ஏ. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டார். ஆனால் அப்போது உலகமே ஸ்டீராய்டின் மயக்கத்தில் இருந்தது, யாரும் கவனிக்கவில்லை. மெத்தோட்ரெக்சேட்டை ஆர்.ஏ.வுக்குத் தர அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 1988-இல்தான். முப்பத்தேழு ஆண்டு தாமதம்! அந்த இடைவெளியில் எத்தனை விரல்கள் கோணியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பூர்விகம்தான் இன்று ஒரு தொந்தரவாகவும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து போனில் தேடினால் ‘புற்றுநோய் மருந்து’ என்று வருகிறது. அன்றிரவே மாத்திரை குப்பைக்கூடைக்குப் போகிறது. புற்றுநோய்க்குத் தரும் அளவு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் வரை போகலாம்; ஆர்.ஏ.வுக்கு வாரம் ஒருமுறை 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். இந்தச் சிறிய அளவில் அதன் வேலை அழற்சியைத் தணிப்பது. சீட்டு எழுதும்போதே இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். நெரிசலான ஓ.பி.யில் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை என்பது டாக்டர்களுக்கும் தெரியும்.

தனியாக மெத்தோட்ரெக்சேட் போதாதபோது சல்ஃபாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுயின், லெஃப்ளுனோமைடு என்று சேர்ப்பார்கள். அதிலும் அடங்காவிட்டால் உயிரியல் மருந்து ஊசிகள், ஜாக் தடுப்பான் மாத்திரைகள். கொரோனாவின் தொடக்கத்தில், 2020 மார்ச்சில், ஹைட்ராக்சிகுளோரோகுயினை ஊரே வாங்கிக் குவித்தபோது, ஆண்டுக்கணக்கில் அதை நம்பியிருந்த ஆர்.ஏ., லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்ததை மறந்திருக்க மாட்டோம்.

■ பெட்டி: வாரம் ஒரே நாள்

மெத்தோட்ரெக்சேட் தினமும் சாப்பிடும் மாத்திரையல்ல. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஒரு கிழமையைத் தீர்மானியுங்கள். காலண்டரில் வட்டமிடுங்கள். சீட்டில் அந்தக் கிழமையின் பெயரை எழுதச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

போலிக் ஆசிடும் பல கம்பெனிகளில் சிறிய மஞ்சள் மாத்திரைதான். இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். எந்தெந்த நாளில் போலிக் ஆசிட் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். ‘ஒரு மாசம் சாப்பிட்டேன், கேக்கல’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

ரத்த அணு எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளை டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் செய்துகொள்ளுங்கள். மது கூடாது.

வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமலோடு மூச்சுத்திணறல், காரணமில்லாத ரத்தக்கசிவு: இவற்றில் எது வந்தாலும் அடுத்த டோஸை எடுக்காமல் உடனே டாக்டரிடம் பேசுங்கள். கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இதோடு சேர்ந்தால் ஆபத்து. காய்ச்சலுக்கு எந்த கிளினிக் போனாலும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடுங்கள்.

நன்றாக இருந்த அந்த மாதம்

ருமட்டாலஜி அறைகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது.

“ஏம்மா, மாத்திரையை நிறுத்திட்டீங்களா?”

“நல்லாத்தான் டாக்டர் இருந்துச்சு. வலியே இல்ல. சரி, எதுக்கு உடம்புல மருந்து ஏத்தணும்னு…”

“எத்தனை மாசம் ஆச்சு?”

“பொங்கலுக்கு நிறுத்தினேன். ஆடியில மறுபடி கிளம்பிடுச்சு.”

வலி குறையாத மாதத்தில் யாரும் மாத்திரையை மறப்பதில்லை. ஆபத்து, நன்றாக இருக்கும் மாதத்தில்தான். வலி போய்விட்டது என்பதாலேயே சவ்வின் வீக்கம் அடங்கிவிட்டது என்று ஆகாது. 28 மூட்டுகளை அழுத்திப் பார்த்து, ரத்தப் பரிசோதனையையும் சேர்த்து மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண் குறிப்பிட்ட இலக்குக்குக் கீழே வரும்வரை மருந்தை மாற்றிக்கொண்டே போவதுதான் இன்றைய முறை. நோயாளி தன் வலியை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இந்தக் கணக்கு முழுக்கக் கலைந்துவிடும்.

நிறுத்துவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மெத்தோட்ரெக்சேட் சாப்பிட்ட மறுநாள் குமட்டல். மாதா மாதம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏற வேண்டிய கட்டாயம். ரத்தப் பரிசோதனைக்கு வெளியே கொடுக்கும் பணம். குமட்டலுக்கு வழி இருக்கிறது: இரவில் சாப்பிடலாம், டோஸைப் பிரிக்கலாம், ஊசியாக மாற்றலாம். ஆனால் கேட்டால்தான் தெரியும். ‘டாக்டர் திட்டுவார்’ என்று கேட்காமலேயே நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். மறந்த வாரத்தை மறைக்காமல் சொல்ல முடிகிற நோயாளியும், சொன்னால் முகம் சுளிக்காத டாக்டரும் ஒரே மேசையில் அமைந்துவிட்டால் பாதி நோய் அடங்கிவிடும் என்றே தோன்றுகிறது.

முடக்கத்தான் தோசை, சூரணம், ஊசி

மூட்டுவலி என்று வாயைத் திறந்தால் போதும். முடக்கத்தான் தோசை சுடு என்பார் ஒருவர். கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப் குடி என்பார் இன்னொருவர். உருளைக்கிழங்கு வாய்வு, கத்தரிக்காய் ஆகாது, பருப்பே தொடாதே என்று தடைப்பட்டியல் வேறு. தோசையும் சூப்பும் ருசிக்குச் சாப்பிடலாம், எந்தக் கெடுதலும் இல்லை. சிக்கல் தடைப்பட்டியலில்தான். பருப்பு, பயறு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தினால் புரதம் குறையும், தசை கரையும். மூட்டைத் தாங்குவதே தசைதான். அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரியின் 2022 வழிகாட்டுதல், காய்கறி, பழம், பயறு, மீன், நல்ல எண்ணெய் மிகுந்த மத்தியதரைக் கடல் பாணி உணவைப் பரிந்துரைக்கிறது. பிற தனி டயட்டுகளையும் சத்து மாத்திரைகளையும் பரிந்துரைக்கவில்லை. நம் ஊர்க் கணக்கில் கீரை, பாசிப்பயறு, மத்தி மீன். மத்தி விலை குறைவு என்பது கூடுதல் லாபம்.

சித்த மருத்துவம் இந்த நோயை அறியாததல்ல. உதிரவாத சுரோணிதம் என்று அது விவரிக்கும் நிலை ஆர்.ஏ.வோடு பெரிதும் ஒத்துப்போகிறது. ஆயுர்வேதத்தைப் பற்றி நம் கோயம்புத்தூரிலேயே ஒரு முக்கியமான சோதனை நடந்தது. ஒரு குழுவுக்கு ஆயுர்வேத மருந்து, இன்னொன்றுக்கு மெத்தோட்ரெக்சேட், மூன்றாவதுக்கு இரண்டும். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. 43 பேர், 36 வாரம். 2011-இல் வெளியான முடிவில் மூன்று குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆயுர்வேதம் வென்றது என்று ஒரு பக்கமும், இது ஒரு ஆய்வா என்று மறுபக்கமும் சத்தம் போட்டார்கள். இரண்டும் அவசரம். 43 பேரை வைத்து இரண்டு மருந்தும் சமம் என்று நிறுவ முடியாது. அதை நடத்தியவர்களே முன்னோட்டச் சோதனை என்றுதான் பெயரிட்டார்கள். அதே நேரம், மரபு மருந்தை நேர்மையாகச் சோதிக்க முடியும் என்று அது காட்டியது. அதற்கடுத்த பெரிய சோதனைதான் இன்றைய தேவை.

சித்த, ஆயுர்வேத மருந்தும் சாப்பிடுகிறவர்கள் இரண்டு டாக்டரிடமும் இரண்டையும் சொல்ல வேண்டும். கல்லீரல் ஒன்றுதான்.

பயப்பட வேண்டியது வேறொன்று: பெயரில்லாத பொட்டலப் பொடி. ‘மூணே நாள்ல வலி போயிடும்’ என்று விற்கப்படும் இத்தகைய பொடிகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. முகம் வட்டமாகும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம், ஏனென்றால் உடம்பு தன் சொந்தக் கார்ட்டிசோலைச் சுரப்பதைக் குறைத்திருக்கும்.

ஸ்டீராய்டு கெட்டது என்று ஒரே வரியில் தள்ளிவிடவும் முடியாது. 1948-இல் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், படுக்கையில் கிடந்த 29 வயது ஆர்.ஏ. நோயாளிக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு. பக்கவிளைவுகள் தெரியவந்ததும் கொண்டாட்டம் அடங்கியது. இன்று மெத்தோட்ரெக்சேட் வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை குறைந்த அளவில், குறைந்த காலத்துக்குத் தருவதே அதற்குரிய இடம். ஆனால் மூன்று மாதத்துக்கென்று எழுதிய பழைய சீட்டைக் காட்டி மூன்று வருடம் வாங்கிச் சாப்பிடுகிறவர்களை எந்த மெடிக்கல் ஷாப்காரரும் உங்களுக்குக் காட்டுவார்.

வலிக்கிற மூட்டை ஆட்டலாமா?

பழைய அறிவுரை: வலித்தால் அசையாதே. புதிய சான்று இதற்கு நேரெதிர். மேலே சொன்ன 2022 வழிகாட்டுதலில் இருபத்தெட்டு பரிந்துரைகள் உண்டு. அதில் ‘வலுவான பரிந்துரை’ என்ற முத்திரை பெற்றது ஒன்றே ஒன்று: உடற்பயிற்சி.

பிரிட்டனில் 490 நோயாளிகளிடம் நடந்த சாரா என்ற சோதனையில் ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை; மற்றதற்கு அதோடு கைவிரலை நீட்டி மடக்கும், வலுவேற்றும் பயிற்சிகளும். ஓராண்டு முடிவில் பயிற்சிக் குழுவின் கை இயக்கத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் மற்றதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இரு குழுவுமே மருந்து சாப்பிட்டவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்தால் அடங்கிய மூட்டில்தான் பயிற்சி பலிக்கிறது. சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாளில் அந்த மூட்டுக்கு மென்மையான அசைவு மட்டும் போதும். மற்ற நாட்களில் நடை, நீச்சல், சைக்கிள், தெரிந்தவரிடம் கற்ற யோகா எல்லாம் சரி. காலை விறைப்புக்கு வெந்நீரில் கையை முக்கி வைத்து அதற்குள்ளேயே விரலை மடக்கி நீட்டலாம்.

ஃபிரெஞ்சு ஓவியர் ரெனுவாருக்கு 1890-களில் இந்த நோய் தொடங்கியது. நோயை அடக்கும் மருந்தென்று எதுவும் இல்லாத காலம். விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போன பிறகும் 1919-இல் இறக்கும்வரை வரைந்தார். தூரிகையைக் கையில் கட்டிக்கொண்டார் என்ற கதை பிரபலம். உண்மையில் அந்தத் துணிக்கட்டு தோல் உராயாமல் இருப்பதற்கு. கை நன்றாக இருந்தவரை தினமும் காலையில் சிறு பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடித்துப் பயிற்சி செய்தார். கை எட்டாத பெரிய கான்வாஸை உருட்டி உருட்டி அவர் முன்னால் கொண்டுவர ஓர் உருளைச் சட்டம் செய்யப்பட்டது. மன உறுதிக்கு உதாரணமாக அவரைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: தூரிகையை எடுத்து அவர் விரலிடுக்கில் வைக்கவும், சட்டத்தைச் சுற்றவும் அவருக்கு ஆள் இருந்தது.

ஓய்வை யார் கொடுப்பது?

‘நல்லா ரெஸ்ட் எடுங்க, டென்ஷன் ஆகாதீங்க, தினமும் அரைமணி நேரம் வாக்கிங் போங்க.’ ஆலோசனை இலவசம். அதைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு அந்த அரைமணி நேரம் எங்கிருந்து வரும்? மாத்திரை கடையில் கிடைக்கும். ஓய்வு வீட்டிலுள்ளவர்கள் விட்டுக்கொடுத்தால்தான் கிடைக்கும்.

சோர்வு இந்த நோயின் பெரிய பகுதி. வீக்கத்தைப் போல் அது கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே யாரும் நம்புவதில்லை. தெம்பு இருக்கும் நாளில் கிடந்த வேலை அத்தனையையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துவிடுவது பல நோயாளிகளின் சுழற்சி. வேலையைத் துண்டு துண்டாக்கி, இடையிடையே உட்கார்ந்து செய்வதுதான் இதற்கு வழி. ஆனால் மாவரைப்பது, துணி பிழிவது, குடம் தூக்குவது மூன்றையும் வேறு யாராவது எடுத்துக்கொள்ளாமல் துண்டாக்க எதுவும் மிஞ்சாது. ஆலோசனைக்கு நோயாளியோடு கணவரையும் மகனையும் உட்காரவைத்து, காலை ஒன்பது மணி வரை இந்த வேலைகள் யாருடையவை என்று எழுதி வாங்கும் வழக்கம் வர வேண்டும். மருந்துச் சீட்டிலேயே அதற்கொரு வரி இருக்கலாம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கேட் லோரிக், 1970-களின் இறுதியில் மூட்டுவாத நோயாளிகளுக்குச் சிறு குழு வகுப்புகளைத் தொடங்கினார். நடத்தியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளே. நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தபோது பங்கேற்றவர்களின் வலி சராசரியாக 20 சதவீதமும், டாக்டரைப் பார்க்கப் போகும் முறைகள் 40 சதவீதமும் குறைந்திருந்தன. ஆச்சரியம் என்னவென்றால், யார் அதிகம் பயிற்சி செய்தார்கள் என்பதைவிட, ‘இதை என்னால் சமாளிக்க முடியும்’ என்ற நம்பிக்கை யாருக்குக் கூடியது என்பதோடுதான் பலன் அதிகம் பொருந்தியது. வாரம் ஒருநாள் கூடி, மாதத் தவணைக் கணக்கோடு வீட்டுக் கதையும் பேசும் மகளிர் சுய உதவிக் குழுக்கள் நம்மிடம் ஊருக்கு ஊர் உண்டு. இதற்குப் புதிதாகக் கட்டடம் எழுப்பத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வருகிறார். கைப்பயிற்சியைக் கற்றுக்கொள்ள அவரைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

■ பெட்டி: அடுப்படியில் சில மாற்றங்கள்

துணியை முறுக்கிப் பிழியாதீர்கள். குழாயில் மாட்டி இரு முனையையும் உள்ளங்கையால் இழுத்தால் பாதி நீர் வடியும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும்.

பையை விரலில் தொங்கவிடாமல் முழங்கை மடிப்பில் மாட்டுங்கள். சட்டியை இரண்டு உள்ளங்கையாலும் தூக்குங்கள்.

கரண்டி, கத்தி, பேனா, பிரஷ் பிடியில் துணியோ ஸ்பாஞ்சோ சுற்றித் தடிமனாக்குங்கள். பிடி தடித்தால் விரல் கணுவுக்குச் சுமை குறையும்.

அரிவாள்மனைக்குப் பதில் மேசையில் வைத்து நறுக்குங்கள். தேங்காயை மிக்ஸியில் போடலாம். புளியை மொத்தமாகக் கொதிக்கவைத்து மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் வரும்.

முன்பக்க ஊக்குக்குப் பதில் வெல்க்ரோ. எந்தத் தையல்காரரும் மாற்றித் தருவார்.

மறைத்து விழுங்கும் மாத்திரை

இந்த நோயில் அதிகம் பேசப்படாத பகுதி கல்யாணம். இருபத்துநான்கு வயதில் நோய் கண்ட பெண்ணின் மருந்து டப்பாவைப் பெண் பார்க்க வரும் நாளில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறார் அம்மா. கல்யாணத்துக்குப் பின் மாத்திரை கைப்பைக்குள், குளியலறையில், யாரும் இல்லாத நேரத்தில். ரத்தப் பரிசோதனைக்குப் போக முடியாது. பிறகு மாத்திரையே நின்றுபோகும். ஆறே மாதத்தில் நோய் தானாகவே எல்லோருக்கும் அறிவித்துவிடும்.

மறைப்பதில் இன்னொரு ஆபத்து கர்ப்பம். மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்ளுனோமைடும் சாப்பிடும்போது கருத்தரிக்கக் கூடாது, கருவைப் பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடுவதற்குச் சில மாதம் முன்பே டாக்டரிடம் சொன்னால் ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் போன்ற, கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடிய மருந்துகளுக்கு மாற்றிக்கொடுப்பார்கள். கர்ப்பத்தில் பலருக்கு நோய் தானே தணியும். இதைக் கவனித்து, உடம்பே ஏதோ ஒன்றைச் சுரக்கிறது என்று ஊகித்தவரும் அதே ஹென்ச்தான். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் நோய் திரும்புவது அதிகம். கைக்குழந்தையைத் தூக்க மணிக்கட்டு ஒத்துழைக்காத அந்த மாதங்களுக்கு ஆள் ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துவைப்பதும் சிகிச்சைதான்.

மூட்டுக்கு வெளியே

ஆர்.ஏ. மூட்டோடு நிற்பதில்லை. மாரடைப்பு அபாயத்தைக் கணக்கிடும்போது ஆர்.ஏ. நோயாளிக்கு அதை ஒன்றரை மடங்காக்கிப் பார்க்கச் சொல்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரையை ருமட்டாலஜிஸ்ட் கேட்கும்போது ‘கைவலிக்கு வந்தா இதை ஏன் கேக்குறாரு’ என்று நினைக்க வேண்டாம். நுரையீரலும் பாதிக்கப்படலாம். பீடி, சிகரெட் நோய் வரும் வாய்ப்பையும் கூட்டும், வந்த நோய்க்குத் தரும் மருந்தின் பலனையும் குறைக்கும். ஈறு நோய்க்கும் ஆர்.ஏ.வுக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. பல் டாக்டரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உயிரியல் மருந்து ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். உடம்பில் உறங்கும் காசநோய்க் கிருமியை இவ்வூசிகளில் சில எழுப்பிவிடும். இந்தியாவில் இதை லேசாக எடுக்க முடியாது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் நீண்டநாள் சாப்பிட்டால் விழித்திரைப் பரிசோதனை வேண்டும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் நல்லது. உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளை மட்டும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

‘எப்ப நிறுத்தலாம் டாக்டர்?’

நோயாளிகள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி. அதைக் கேட்பது குற்றமில்லை. குறைந்தது ஆறு மாதமாவது மதிப்பெண் இலக்குக்குக் கீழே நின்றால் மருந்தைக் குறைக்கும் பேச்சை எடுக்கலாம் என்பது இன்றைய நடைமுறை. முதலில் போக வேண்டியது ஸ்டீராய்டு, அதுவும் படிப்படியாக. பிறகு மற்றவற்றில் ஒன்றை மட்டும் தொட்டு, அளவைக் குறைத்தோ இடைவெளியைக் கூட்டியோ பார்ப்பார்கள். அடியோடு நிறுத்தியவர்களில் பலருக்கு நோய் திரும்புகிறது. குறைந்த அளவில் தொடர்கிறவர்களுக்கு அந்த வாய்ப்பு குறைவு. திரும்பினால் பழைய அளவுக்குப் போனதும் பெரும்பாலோருக்கு மறுபடி அடங்குகிறது. ஆனால் வாரக்கணக்கில் தாமதிக்காமல் போக வேண்டும்.

ஆகவே அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது ‘நிறுத்தட்டுமா?’ என்பதை ‘எதை முதலில் குறைக்கலாம்?’ என்று மாற்றிக் கேளுங்கள். கையில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும்: கடைசி மூன்று ரத்தப் பரிசோதனைத் தாள்கள், தவறவிட்ட வாரங்களின் உண்மைக் கணக்கு, காலையில் விரல் மடங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்ற குறிப்பு. முடிந்தால் காலையில் குக்கர் மூடியைத் திறந்து கொடுக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.